சொன்ன பேச்சுக் கேட்கும் நாய்

நாயை வைத்துச் சரித்திரம் எழுத முடியுமா என்று சிலருக்குச் சந்தேகம் வரலாம். ராஜாக்களையும் யுத்தங்களையும் எழுதத்தான் சரித்திரம் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கல்லில் பெயர் வெட்டிக்கொண்ட நாய்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கின்றன. ராஜாக்கள் பலருக்கே அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. ஆகையால் நாயின் சரித்திரத்தை எழுதுவதில் தவறொன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்த விஷயத்தில் என்னை இழுத்துவிட்டது ஒகேனக்கல். ‘ஹொகெ’ என்றால் கன்னடத்தில் புகை. புகையும் கல் என்பதுதான் அந்த ஊரின் பெயர். காவிரி பாறையில் மோதி, பொடிப்பொடியாகச் சிதறி, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் கல்லே புகைவதுபோல் தோன்றும். பரிசலில் ஏறிச் சுற்றுவதும், பாறைமேல் குப்புறப் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்வதும், பொரித்த மீன் தின்பதும் அங்கே போகிறவர்களின் நித்திய கர்மங்கள். அந்த மீனின் முள்ளுக்காகக் காத்திருக்கும் நாய்களும் அந்த ஊரின் பிரஜைகள்தாம்.

பரிசலில் என்னோடு ஏறிய இளைஞர் ஒருவர் பெங்களூரில் உத்தியோகம் பார்ப்பவர். நாய் வளர்க்க ஆசைப்படுகிறார். வெறுமனே வளர்ப்பதற்கல்ல, கீழ்ப்படிதல் போட்டி என்று ஒன்று நடக்கிறதே, அதில் கலந்துகொள்வதற்கு. “எந்த ஜாதி நாய் வாங்கினால் ஜெயிக்கலாம், சார்?” என்று என்னைக் கேட்டார். கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை மக்களிடம் இருக்கிறது. நான் பதில் சொல்வதற்குள் பரிசல்காரர் துடுப்பை நிறுத்தாமலே, “சொன்ன பேச்சுக் கேக்கற நாய் வேணும்னா, மொதல்ல அதுக்கு என்ன வேலை வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க தம்பி” என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். யோசித்துப் பார்த்தால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறு வருஷமாக நாய் பழக்குகிறவர்கள் கண்டு சொன்ன முடிவும் அதுதான்.

முதலில் அந்தப் போட்டி என்னவென்று பார்க்கலாம். நாய், எஜமானின் இடது காலோடு ஒட்டி நடக்க வேண்டும். அவர் நின்றால் சொல்லாமலே உட்கார வேண்டும். தூரத்திலிருந்து கூப்பிட்டால் நேரே வந்து எதிரில் உட்கார வேண்டும். மரத்தாலான ஒரு கட்டையை எறிந்தால் எடுத்துவந்து கையில் கொடுக்க வேண்டும். ஒரேமாதிரி இருக்கும் பல பொருள்களில் எஜமானின் கை பட்டது எது என்று மோப்பம் பிடித்துப் பொறுக்க வேண்டும். அமெரிக்க முறையில் மொத்தம் 200 மார்க். 170 வாங்கினால்தான் தேர்ச்சி; அதிலும் ஒவ்வொரு பாடத்திலும் பாதிக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். நம் பிள்ளைகளின் பரீட்சையைவிடக் கொஞ்சம் கடுமைதான்.

இந்தப் பரீட்சை பிறந்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற அம்மாள் பூடில் நாய்கள் வளர்த்துவந்தார். சுருட்டை மயிரை விதவிதமாகக் கத்தரித்துவிட்ட பூடிலைப் பார்த்தவர்கள், இது சீமாட்டிகளின் மடியில் உட்காரத்தான் லாயக்கு என்று சிரித்தார்கள். அந்த அம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் நாய்க்கு மூளை இருக்கிறதா இல்லையா என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று, இங்கிலாந்தில் நடந்துவந்த சோதனைகளை ஒட்டி, 1933-ஆம் வருஷம் அக்டோபரில் நியூயார்க் மாகாணத்தின் மவுண்ட் கிஸ்கோவில் ஒரு போட்டி வைத்தார். வந்த நாய்கள் எட்டே எட்டு. 1936-இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அதை அங்கீகரித்தது. அடுத்த வருஷம் அந்த அம்மாளும் அவருடைய தோழி பிளாஞ்ச் சாண்டர்ஸும் மோட்டாருக்குப் பின்னால் ஒரு வண்டியைக் கோத்துக்கொண்டு, நாய்களோடு தேசம் முழுவதும் சுற்றி வித்தை காட்டிப் பிரசாரம் செய்தார்கள். இங்கிலாந்தின் பிரசித்தமான கிரப்ட்ஸ் கண்காட்சியில் 1955-இல் கீழ்ப்படிதல் சாம்பியன் போட்டி தொடங்கியது. ஒரு பெண்ணுக்கு வந்த ரோஷத்தில் ஒரு விளையாட்டே உண்டாயிற்று.

சிரித்தவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள். பூடில் மடிக்காகப் பிறந்த நாயல்ல. வேட்டைக்காரன் சுட்டு வீழ்த்திய வாத்தைக் குளத்தில் நீந்திப்போய்க் கவ்விவரும் தொழில் அதனுடையது. அந்த மயிர் வெட்டுக்கூட நீந்துவதற்குத் தடையில்லாமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்றே சொல்கிறார்கள். பரம்பரை பரம்பரையாக மனிதன் கைகாட்டிய திசையில் போய், எடுத்து, திரும்பிவந்து, அவன் கையில் ஒப்படைத்த ஜாதி அது. கட்டையை எடுத்துவா என்றால் வராமல் என்ன செய்யும்?

இதே கதைதான் மற்ற ஜாதிகளுக்கும். பார்டர் கோலி என்ற ஆட்டுநாய் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட மலைப் பிரதேசத்தில் உண்டானது. ஆட்டுநாய்ப் போட்டி வேல்ஸில் பாலா என்ற ஊரில் 1873-லேயே நடந்திருக்கிறது. மேய்ப்பன் ஒரு குன்றின்மேல் நின்று சீழ்க்கை அடிப்பான். அடுத்த குன்றில் இருக்கும் நாய் அந்தச் சீழ்க்கைக்கு ஏற்ப இடமும் வலமும் திரும்பி, படுத்து, எழுந்து, மந்தையை ஓட்டிவரும். சொல் தவறினால் ஆடு போய்விடும். சொல் கேளாத நாயை எந்த மேய்ப்பனும் வைத்துக்கொள்ளமாட்டான். அதன் குட்டியையும் வாங்கமாட்டான். ஜெர்மன் ஷெப்பர்டும் ஆட்டுநாய்தான். மாக்ஸ் பான் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படைக் காப்டன் 1899-இல் ஒரு கண்காட்சியில் ஹெக்டர் என்ற நாயைக் கண்டு மயங்கி, விலைக்கு வாங்கி, ஹோராண்ட் என்று பெயர் மாற்றி, அதை மூலபுருஷனாக வைத்து ஒரு ஜாதியையே நிலைநாட்டினார். மேய்ச்சல் நிலம் சுருங்கி ஆட்டுநாய்க்கு வேலை குறைந்தபோது, போலீஸிலும் பட்டாளத்திலும் அதற்கு உத்தியோகம் தேடிக்கொடுத்தவரும் அவரே. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1994-இல் ஸ்டான்லி கோரன் என்ற மனோதத்துவப் பேராசிரியர் வட அமெரிக்காவின் கீழ்ப்படிதல் நடுவர்கள் சுமார் 200 பேரின் மதிப்பீட்டைத் திரட்டி, நாய் ஜாதிகளின் வரிசை ஒன்றை வெளியிட்டார். பார்டர் கோலி முதல் ஸ்தானம். பூடில் இரண்டு. ஜெர்மன் ஷெப்பர்ட் மூன்று. கடைசி ஸ்தானம் ஆப்கன் ஹவுண்டுக்கு. உடனே பத்திரிகைகள் எல்லாம் புத்திசாலி நாய் எது, மண்டு நாய் எது என்று எழுதத் தொடங்கிவிட்டன. கோரன் அளந்தது மனிதன் சொன்னதை எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டு செய்கிறது என்பதை மட்டுமே. ஆப்கன் ஹவுண்ட் கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் வேட்டைநாய். மானின் பின்னால் அது பறக்கும்போது குதிரைமேல் வரும் எஜமான் எங்கேயோ பின்தங்கிக் கிடப்பான். அவனைத் திரும்பிப் பார்த்து உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தால் மான் போய்விடும். தானே பார்த்து, தானே தீர்மானித்து, தானே பாய வேண்டும். அதற்காகத்தான் அதை வளர்த்தார்கள். அப்படிப்பட்டதைக் கூப்பிட்டு, “உட்கார், எழுந்திரு” என்று சொல்லி, கேட்கவில்லை என்று கடைசி மார்க் போடுவது என்ன நியாயம்?

நம் நாய்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மூன்றும் வேட்டைக்குப் பேர்போனவை. முதல் இரண்டும் ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, முயலைத் துரத்துவதற்கென்றே வார்த்தெடுத்தாற்போல் இருக்கும். ராஜபாளையம் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்குமாகப் பன்றி வேட்டைக்குப் போனது. தேனிப் பக்கத்துக் கோம்பை காவலுக்கும் வேட்டைக்கும் பொது. தொழில் தெரிந்துவிட்டால் இவற்றின் சுபாவமும் தெரிந்துவிடும்.

இனி அந்த இரண்டு கற்களுக்கு வருகிறேன்.

தருமபுரி, செங்கம் பகுதிகள் நடுகற்களின் நாடு. ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட வீரனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். தொல்காப்பியம் அதற்கு முறையே வகுத்திருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் அத்தகைய கற்களை இன்றும் பார்க்கலாம். ஒகேனக்கலிலிருந்து கிழக்கே தருமபுரியைத் தாண்டிப் போனால், திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்துக்கு அருகே எடுத்தனூர் என்ற ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு; மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு; வட்டெழுத்து. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளை மீட்கும் சண்டையில் இறந்துபோனான். அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் கல்லில் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று தனியாக ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள்.

இன்னொரு கல் காவிரி இறங்கிவரும் வழியில், கர்நாடகத்து மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆதகூர்க் கல்வெட்டு என்பார்கள். அதன் காலம் 949-950. சோழ இளவரசன் ராஜாதித்தன் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டானே, அந்தப் போரைப் பற்றிச் சொல்லும் முக்கியமான சாசனம் அது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பக்கம் நின்று போரிட்டவன் கங்க மன்னன் பூதுகன். அவனுடைய வீரன் மணலேரன் காட்டிய பராக்கிரமத்தில் மகிழ்ந்து, என்ன வேண்டும் கேள் என்றான் மன்னன். மணலேரன் பொன்னையோ பதவியையோ கேட்கவில்லை. மன்னன் பிரியமாக வளர்த்த காளி என்ற வேட்டைநாயைக் கேட்டான்! பிறகு ஒருநாள் அந்தக் காளியைப் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மேல் ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று விழுந்தன. அந்த நாய்க்காக ஆதகூரில் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். அந்தக் கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சோழ ராஜ்யத்தையே ஆட்டிவைத்த ஒரு யுத்தத்தின் செய்தி, ஒரு நாயின் நினைவுக் கல்லில் நமக்குக் கிடைத்திருக்கிறது. சரித்திரக்காரர்கள் காளிக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இந்த இரண்டு நாய்களையும் மவுண்ட் கிஸ்கோ மைதானத்துக்குக் கூட்டிப்போவதாகக் கற்பனை செய்து பாருங்கள். எஜமான் கண்ணுக்கு மறைந்து போனபிறகும் நாய் இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு பாடம் அந்தப் போட்டியில் நெடுங்காலம் இருந்தது. கோவிவன் அதில் முழு மார்க் வாங்கியிருக்கும். காளியோ, கூப்பிட்டால் திரும்பி வரும் பாடத்தில் கட்டாயம் தோற்றிருக்கும். பன்றியைக் கண்டபிறகு எந்தக் குரலும் அதன் காதில் ஏறியிராது. ஆனால் காளியைக் கேளாத நாய் என்று அந்தக் காலத்தவர் சொல்லவில்லை, கல் நட்டார்கள். எந்த வேலைக்காக வளர்த்தார்களோ அந்த வேலையை உயிர் உள்ளவரை செய்தது என்பது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது நம்முடைய சங்கடத்துக்கு வருவோம். காளியின் தொழில் இன்று இல்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. தடுத்தது சரியே, இல்லையென்றால் காட்டில் ஒன்றும் மிஞ்சியிராது. ஒகேனக்கலைச் சுற்றியுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இல் ஏற்பட்டது. அங்கே நாயோடு முயல் துரத்தப் போனால் ஜெயிலுக்குப் போக நேரும். யானைக்கும் மானுக்கும் நல்ல காலம் பிறந்தது. வேட்டைநாய்க்கு வேலை போயிற்று.

வேலை போன ஜாதி என்ன ஆகும்? சங்கிலியில் கட்டிப்போட்டு, ‘நம்ம ஊர்ப் பெருமை’ என்று படம் பிடித்துப் போடுவார்கள். நிறமும் மூக்கும் பார்த்து இனம் சேர்ப்பார்கள், சுபாவத்தைப் பார்க்கமாட்டார்கள். 2005-இல் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையமும் அதில் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேசும்போது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றின் பெயரைச் சொன்னார். கௌரவம் நல்லதுதான். ஆனால் தபால்தலை நாயைக் காப்பாற்றாது. ஸ்டெபானிட்ஸ் செய்ததுபோல் அதற்கு ஓர் உத்தியோகம் தேடிக்கொடுத்தால்தான் காப்பாற்றும்.

அது முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் அநேகர். வேட்டைநாய்க்குக் கட்டளை ஏறாது என்று முடிவே கட்டியிருந்தார்கள். இந்திய ராணுவம் 2016-இல் மீரட்டில் உள்ள தன் பயிற்சி நிலையத்தில் முதோள் நாய்களைப் பழக்கத் தொடங்கியது. முதோள் கர்நாடகத்து ஜாதி. கண்ணால் துரத்தும் வேட்டைநாய். காளியின் நாட்டைச் சேர்ந்தது. பிறகு எல்லைப் பாதுகாப்புப் படையும் இந்திய ஜாதிகளை எடுத்துக்கொண்டது. 2024-இல் லக்னோவில் நடந்த அகில இந்தியப் போலீஸ் பணித்திறன் போட்டியில் அந்தப் படையின் ரியா என்ற முதோள் நாய், மோப்பம் பிடித்துத் தடம் காண்பதில் முதல் பரிசும், போட்டியின் தலைசிறந்த நாய் என்ற விருதும் சேர்த்து வாங்கியது. எதிரில் நின்றவை 116 வெளிநாட்டு ஜாதி நாய்கள். கண்ணை நம்பும் ஜாதி என்று பெயர் வாங்கியது, மூக்கில் ஜெயித்துவிட்டது!

இதனால் முதோளுக்குப் பார்டர் கோலியின் சுபாவம் வந்துவிட்டது என்று அர்த்தமல்ல. பழக்கியவர்கள் அதன் துரத்தும் ஆசையை அடக்கி ஒடுக்காமல், அதையே கூலியாக்கி, தடம் பிடிக்கும் வேலையில் திருப்பிவிட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆட்டுநாய்க்கு ‘சபாஷ்’ என்ற சொல்லே சம்பளம். வேட்டைநாய்க்கு அது போதாது. ஓடவும் பிடிக்கவும் ஏதாவது கிடைக்க வேண்டும். பாடம் சிறியதாக இருக்க வேண்டும்; பத்துத் தடவை ஒன்றையே செய்யச் சொன்னால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைத் திமிர் என்று அடிக்கிறவர் அந்த நாயை என்றைக்கும் ஜெயிக்கமாட்டார்.

ஆகவே, நாய் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தச் சரித்திரத்திலிருந்து நான் எடுத்துச் சொல்லக்கூடியவை சில உண்டு.

சீக்கிரம் பரிசு வாங்குவதுதான் நோக்கம் என்றால், மனிதன் முகத்தைப் பார்த்தே வேலை செய்து பழகிய ஜாதியாகப் பார்க்க வேண்டும்: ஆட்டுநாய்கள், அல்லது லாப்ரடார், பூடில் போன்று சுட்டதை எடுத்துவரும் நாய்கள். ஆனால் பார்டர் கோலி நாள் முழுவதும் மலை ஏறி இறங்கப் பிறந்தது. மூன்றாவது மாடியில் அடைத்துவைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனால், அது வீட்டில் உள்ள நாற்காலிகளை மேய்க்க ஆரம்பித்துவிடும். பெல்ஜியன் மாலினோவா போலீஸ்காரர்களின் செல்லம். குழந்தை குட்டிகள் உள்ள வீட்டில் புதிதாக நாய் வளர்ப்பவருக்கு ஏற்றதல்ல. பனிப் பிரதேசத்து ஹஸ்கியை நம் சித்திரை வெயிலில் கொண்டுவந்து வைப்பது பாவம். அதோடு, அது வண்டி இழுக்கப் பிறந்ததே தவிரக் காலோடு ஒட்டி நடக்கப் பிறந்ததல்ல.

வெயில் தாங்க வேண்டும், உள்ளூர் நாயாக இருக்க வேண்டும், மெதுவாக ஜெயித்தாலும் போதும் என்பவர்கள் நம் ஜாதிகளைத் தைரியமாக எடுக்கலாம். ராஜபாளையம் குட்டி வாங்குகிறவர்கள் ஒன்று செய்ய வேண்டும். அதற்குப் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். சுத்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. காது கேளாத குட்டியைச் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்று கோபித்துக்கொள்கிற வீடுகள் உண்டு. பிறகு, ஜாதியைவிடக் குட்டி முக்கியம். உருட்டிவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போகாமல் உங்களிடமே திரும்பி வருகிற குட்டி, எந்த ஜாதியானாலும் பாதிப் பாடம் படித்துவிட்டது. தாய் நாயையும் பாருங்கள்; அது அந்நியரைக் கண்டு நடுங்கினால் குட்டியும் அப்படியே வளரலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தினம் காலையில் அதற்கு நீங்கள் என்ன வேலை கொடுக்கப் போகிறீர்கள் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் கென்னல் கிளப்புக்குத் தலைமையகம் நம் சென்னையிலேயே இருக்கிறது. நாய்க் கண்காட்சிகளுக்கும் குறைவில்லை. நிறத்துக்கும் நடைக்கும் கொடுக்கிற கோப்பைகளைப்போல், கன்னிக்கும் கோம்பைக்கும் வேலைத் திறனுக்காக நாலு கோப்பை கொடுத்தால், வளர்ப்பவர்கள் மூக்கின் நிறத்தை விட்டுவிட்டு மூளையைப் பார்த்து இனம் சேர்க்கத் தொடங்குவார்கள். வேட்டை போன இடத்தில் விளையாட்டாவது வரட்டும். ஒரு சீமாட்டியின் ரோஷம் பூடிலுக்குச் செய்ததை, நம்மில் யாராவது ஒருவரின் ரோஷம் சிப்பிப்பாறைக்குச் செய்யக்கூடாதா? எடுத்தனூரில் எருமை மேய்த்தவர்கள் தங்கள் நாயின் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் அதன் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். அதன் நிறம் என்னவென்று அவர்கள் எழுதிவைக்கவில்லை.